கழுத்தில் மாட்டு மணி கட்டிய என் தங்கை

என் தங்கை யதுர்ஷிகாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. முரசுமோட்டையில் அவளைப் பற்றிக் கேட்டால் "கதைக்காத பிள்ளை" என்பார்கள். கதைக்கத் தெரியாதவள் அல்ல. அவளுடைய காது எங்களுடைய காதைப் போல இல்லை, அவ்வளவுதான். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக வாய்ப்பாடு சொன்னால், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய் இருந்துவிடுவாள். அதே பிள்ளைதான், ஒழுங்கையில் போகிற உழவு இயந்திரம் யாருடையது என்று எட்டிப் பார்க்காமலே சொல்வாள். நான் தைத்துக்கொண்டிருக்கும்போது குசினிக்குள் இருந்து, "அக்கா, மெசினுக்கு எண்ணெய் காணாது" என்பாள். கழற்றிப் பார்த்தால் காய்ந்துபோய்த்தான் இருக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் நான். சாதாரண தரச் சோதனையோடு படிப்பை விட்டுவிட்டு வீட்டில் தையல் மெசின் போட்டவள் நான். எனக்கு அப்படி எந்தக் கொடுப்பினையும் இல்லை. அளவு எடுத்தால் அரை அங்குலம் பிசகாது, அது ஒன்றுதான். ஆனால் யதுவுக்கு வாயாக இருந்தது நான். கடைக்காரரிடமும் ரீச்சரிடமும் சொல்ல வேண்டியதை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து என் காதில் சொல்வாள். நான் உரத்துச் சொல்வேன். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் மாரிக்குக் காலபோக நெல் விதைத்ததும் மாடுகள் ஊரில் நிற்கக்கூடாது. எல்லாருடைய மாடுகளையும் சேர்த்துக் காட்டுக்கரைக்குக் கொண்டுபோய்ப் பட்டி அடைப்பார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் திரும்பும். பட்டியைப் பார்ப்பவர் பொன்னையா அண்ணை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். இந்த வருடம் மாடுகள் திரும்புகிற நேரத்தில் அவருக்கு எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. நினைவில்லாமல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அவருடைய மனைவி சுப்பம்மா அக்காவும் கூடப் போய்விட்டார். பட்டியை ஊருக்குச் சாய்த்து ஓட்டி வந்தவர், மாடு வைத்திருக்கிறவர்களில் ஒருவரான கணபதி மாமா.

எல்லா மாடும் வந்தது. எங்கள் பசு செவலை மட்டும் வரவில்லை.

மறுநாள் பின்னேரம் கணபதி மாமாவின் மாடுகள் எங்கள் படலையைத் தாண்டிப் போயின. யது ஒழுங்கைக்கு ஓடினாள். என் சட்டைக் கையைப் பிடிக்கவில்லை. நேரே கணபதி மாமாவைப் பார்த்து, "அது எங்கட மணி" என்றாள்.

செவலையின் மணி அவருடைய நாகு ஒன்றின் கழுத்தில் கிடந்தது. கன்று போடாத சின்ன மாடு அது. எங்கள் மணியின் நாக்கு விழுந்தபோது அப்பா அதற்குள் ஒரு சைக்கிள் நட்டைக் கட்டி விட்டிருந்தார். கழற்றிப் பார்த்தால் நட்டு அப்படியே இருந்தது.

ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "பாத்தியளே!" என்றார் கணபதி மாமா. "மாட்டை வித்துப்போட்டு மணியை என்ர நாகிலை கட்டி விட்டிருக்கிறான். சத்தம் கேட்டா ஒருத்தரும் தேடமாட்டினம் எண்ட நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைப்பம். பட்டியை வேறை ஆளிட்டைக் குடுப்பம். பொலிசிலை முறைப்பாடும் குடுப்பம்."

"மனிசன் எழும்பி வரட்டும், கணபதி" என்றார் அப்பா.

"எழும்பி வந்து என்ன சொல்லுவான், கதிர்காமநாதன்? மாடு பறந்து போட்டுது எண்டோ?"

அன்று பொழுதுபடுவதற்குள் பொன்னையா அண்ணையின் மகள் பிரேமிளா எங்கள் படலையில் வந்து நின்றாள். தாய் ஆஸ்பத்திரியில் நின்றதால் பக்கத்து வீட்டு அஜந்தன் வீட்டில்தான் அவள் இருந்தாள். தகப்பனோடு பட்டியில் நின்று பள்ளிக்கூடத்தைப் பாதி விட்டவள்; இந்த முறைதான் பட்டிக்குப் போகவில்லை. அவளுடைய தோட்டத்துப் பேச்சை நையாண்டி பண்ணுகிறார்கள் என்று வகுப்பில் வாயே திறப்பதில்லை. எங்கள் படலையில் நன்றாகவே திறந்தாள்.

"ஏய் யது, வெளிய வா! ஒன் காதாலதான் எங்கப்பாவைத் திருடன்னு சொல்றாங்க!"

நான் முன்னுக்குப் போனேன். "பிள்ளை, என்னோடை கதை. அவள் கதைக்கமாட்டாள்."

"அக்கா, தள்ளு" என்றாள் யது, எனக்குப் பின்னால் இருந்து. பிறகு பிரேமிளாவைப் பார்த்து, "உங்கட அப்பா எப்ப மணி கழட்டுறவர்?" என்று கேட்டாள்.

பிரேமிளாவின் கோபம் அப்படியே நின்றது. "கன்னு போடப்போற மாட்டுக்குத்தான். சின்னக் கன்னு பத்தைக்குள்ள படுத்திருக்கும். தாய் மாட்டு மணிய வச்சு நரி வந்துரும்னு கழட்டிருவாரு. தொலைஞ்சிரக் கூடாதுன்னு வேற மாட்டுல கட்டி விடுவாரு."

நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "செவலை சித்திரையிலைதானே கண்டு போடும்" என்றார் அவர். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். "இப்ப போடுற காலம்தான். பிழையாய் நினைச்சிட்டன் போலை" என்றார். கணபதி மாமாவிடம் போய்ச் சொன்னதற்கு, தகப்பனைக் காப்பாற்றப் பிள்ளை கட்டிவிட்ட கதை என்று சிரித்தாராம். மாடு கண்முன்னால் வந்து நின்றால்தான் நம்புவாராம். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் மாடு வராவிட்டால் பொன்னையா அண்ணை கள்ளன்.

அடுத்த நாட்களில் என் தங்கையை நான் பார்த்ததைவிட அஜந்தனின் வீட்டு மாமரம் அதிகம் பார்த்தது. அஜந்தனையும் சொல்ல வேண்டும். அவனுடைய தகப்பன் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவர். தகப்பனோடு சுற்றிச் சுற்றி, எந்தக் குளத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது அந்தப் பொடியனுக்கு அத்துப்படி. கணக்குப் பாடத்திலும் குளம்தான் கீறுவான். குளத்தான் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். மூன்று பேரும் மண்ணில் எதையோ கீறிக் கீறி அழித்துக்கொண்டிருந்தார்கள். யது கதைத்துக்கொண்டே இருந்தாள். மெசினில் இருந்தபடி பார்த்தேன். ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கிறதை, அங்கே ஒரு பிடி மண்ணைக் கீறி அழிக்கிறதுக்குள் கதைத்துவிட்டாள்.

தேத்தண்ணி கொண்டு போனேன். சட்டென்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்ன கதை?"

"ஒண்டுமில்லை அக்கா" என்றாள் யது.

என்னிடம் அவள் ஒன்றுமில்லை என்று சொன்னதே கிடையாது. வீட்டுக்கு வந்து ஒரு பாவாடைக்கு இடுப்பைப் பிழையாக வெட்டினேன். நான் பிழையாக வெட்டுகிறவள் அல்ல.

சனிக்கிழமை காலை பார்த்தால், சுவர் ஆணியில் கொழுவியிருந்த மாட்டு மணியைக் காணவில்லை. யதுவின் சைக்கிளும் இல்லை. மாட்டைத் தேடிக் காட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று அப்பாவின் சைக்கிளை எடுத்தேன். யானை நிற்கிற காடு என்ற பயம் எனக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அவள் என்னிடம் சொல்லாமல் போனதும், அந்த இரண்டு பேருக்கும் சொல்லியிருந்ததும்தான் பெடலை அவ்வளவு வேகமாக மிதிக்க வைத்தது.

காட்டுக்கரையில் இரண்டு சைக்கிள்கள் மரத்தோடு சாத்திக் கிடந்தன. உள்ளே போனதும் மணிச் சத்தம் கேட்டது. கிணிங் கிணிங், கொஞ்சம் விட்டு, கிண். செவலைக்கு முன் இடது கால் நொண்டி. அவள் நடந்தால் மணி அப்படித்தான் கேட்கும். மாடு கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

மாடு இல்லை. என் தங்கை. மணியைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, இடது காலை நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தாள். முன்னால் பிரேமிளா குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். அஜந்தன் தடியால் திசை காட்டிக்கொண்டிருந்தான்.

"யது!" என்றேன்.

"அக்கா, சத்தம் போடாதீங்க" என்றாள் பிரேமிளா. "மாட்டுக்குத் தன் மணி தெரியும். பதில் சொல்லும். அவ கேட்டுக்கிட்டிருக்கா."

என் தங்கையின் காதைப் பற்றி அவள் எனக்குச் சொல்லித்தந்தாள்! நான் ஒரு மரத்தடியில் நின்றேன். வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

"இந்தப் பக்கம் தண்ணி நிக்கிறது ஒரு குளத்திலைதான்" என்றான் அஜந்தன். "மற்றதெல்லாம் காய்ஞ்சிட்டுது."

"குளம்புத் தடமும் அங்கதான் போகுது. ஆனா நெறைய மாடு மிதிச்சிருக்கு" என்றாள் பிரேமிளா.

யது திரும்ப நொண்டினாள். கிணிங் கிணிங், கிண். பிறகு மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். எனக்குக் காற்றுத்தான் கேட்டது. அவள் கையை நீட்டினாள். அந்த இரண்டு பேரும் ஏன் எதற்கு என்று ஒரு சொல் கேட்காமல் அந்தத் திசையில் நடந்தார்கள். நான் எத்தனையோ தரம், "உண்மையாவோ? வடிவாக் கேட்டனியோ?" என்று அவளைக் கேட்டிருக்கிறேன்.

குளத்தின் ஒரு மூலையில் முட்கிளை அலம்பலை வேலி போல வளைத்துக் கட்டியிருந்தது. தண்ணீர்ப் பக்கம் மட்டும் திறப்பு. உள்ளே செவலை. அவளுடைய காலுக்குக் கீழே நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கன்று. அலம்பலைக் கட்டியிருந்த சாரத் துணியைப் பிரேமிளா தொட்டுப் பார்த்தாள்.

"எங்கப்பாவோட சாரம்" என்றாள். பிறகுதான் அழுதாள். யது அவளுடைய முதுகில் கை வைத்தாள். என் தங்கைக்கு யாரையும் தொடுவதே பிடிக்காது.

நாங்கள் ஊருக்கு வந்து சேர, ஒழுங்கை முழுக்க ஆட்கள். கன்றை அஜந்தன் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கணபதி மாமா செவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் சாய்க்கேக்கை இது பட்டியிலை நிக்குது எண்டுதான் நினைச்சன். புழுதிக்குள்ளை மணி கேட்டனே" என்றார்.

"மாமா, நீங்கள் மணியை எண்ணினியள். மாட்டை எண்ணேல்லை" என்றாள் யது.

கணபதி மாமா துவாயால் முகத்தைத் துடைத்தார். அவ்வளவு வியர்வை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தது. பட்டி பொன்னையா அண்ணையிடமே இருக்கட்டும் என்று முதலில் கை உயர்த்தியவர் அவர்தான். அந்தக் கிழமைக் கடைசியில் சுப்பம்மா அக்கா போன் எடுத்தார். மனிசனின் வாயில் இருந்த குழாயைக் கழற்றிவிட்டார்களாம். பொன்னையா அண்ணை கேட்ட முதல் கேள்வி, "செவலை கன்னு போட்டுச்சா?"

ஊரில் எல்லாரும் "மூண்டு பிள்ளையளும்" என்றுதான் சொல்கிறார்கள். மூன்றில் ஒன்று என் தங்கை என்று நான்தான் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இல்லாவிட்டாலும் அவள் இப்போது கடையில் சாமான் வாங்கி வருகிறாள். எனக்கு நேரம் மிச்சம். மிச்ச நேரம் எனக்கு வேண்டாம்.

போன கிழமை யது வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு! குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அக்கா, மூண்டு பை தைச்சுத் தாறியோ? ஒரே மாதிரி. அடுத்த மாரிக்குப் பொன்னையா மாமாவோடை பட்டிக்குப் போறம், லீவிலை."

தைத்தேன். ஒரே துணி, ஒரே வார், ஒரே அளவு. யதுவின் பையில் மட்டும் உள்ளுக்குள் தெரியாமல் ஒரு சின்னப் பொக்கற் வைத்தேன். அவளுடைய கையில் கொடுக்கும்போது, "இது உனக்கு மட்டும். மற்ற ரெண்டு பேருக்கும் சொல்லாதை" என்றேன். ஓம் என்று தலையாட்டினாள்.

தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடப் போகவில்லை. பிரேமிளாவும் அஜந்தனும் பைகளைத் தூக்கிக்கொண்டு படலையில் நின்றார்கள்.

"அக்கா," என்றாள் பிரேமிளா, "எங்களுக்குப் பொக்கட் வைக்க மறந்துட்டீங்க."

அவர்களுக்குப் பின்னால் என் தங்கை நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பைகளின் தையலையும் பிரித்தேன். பொக்கற் இரண்டும் யதுவினுடையதைவிட அரை அங்குலம் சின்னன். அதை அவள் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.