சாமுவேல் சாரின் வாளி

"அவுக விடியக்காலம் போயிட்டாக, அண்ணாச்சி. நீங்க குடுத்த தாள் தலகாணிக்கடியிலதான் இருந்துச்சு." போனில் சாமுவேல் சாரின் மனைவி எஸ்தர் அம்மாள் சொன்னார்கள். தாளைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்ற ஆறுதலுக்குப் பிறகே எனக்கு அழுகை வந்தது.

சாமுவேல் சாரும் நானும் இராஜபாளையத்தில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் வேதியியல், நான் கணக்கு. ஓய்வுக்குப் பின் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தார்.

எங்கள் தெருக்கோடியில் மூடிக்கிடந்த லாரிப் பட்டறையின் மண்ணில் பல வருஷத்து டீசல் ஊறியிருந்தது. மழை பெய்தால் அது தெருக்கிணற்றுக்கு இறங்கும். இடத்தை வாங்கியவர் மண்ணைக் கழுவச் சம்மதித்தார். சோப்புக் கரைசலில் கழுவினால் மண் தேறிவிடும். எண்ணெய் கலந்த அந்தத் தண்ணீரை எங்கே விடுவது? டீசலைத் தின்னும் பாக்டீரியாவை அதே மண்ணிலிருந்து எடுத்து, தொட்டியில் காற்று ஊதி, கொஞ்சம் யூரியா கலந்து வளர்த்தார் சாமுவேல் சார். தினமும் பஸ்ஸில் வந்து பார்ப்பார்.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்த வாரம் தொட்டி என் பொறுப்பு. பழுப்பு நுரை கட்டி வாடை அடித்தது. பேண்டேஜ் துணி வெளுக்கும் ஊர்க்காரன் வேறென்ன செய்வேன்? ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். வாடை நின்றது. பெருமையாகப் போய்ச் சொன்னேன்.

"காயத்துக்குக் கட்டுற துணின்னு நினைச்சீரோ? அம்புட்டுப் பேரையும் கொன்னுட்டீரே சார்" என்று சிரித்தார். மழைக்காலம் நெருங்கியிருந்தது. அவருக்கு நாள் அதிகமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"உறை ஊத்த ஒரு கரண்டி தயிர் எடுத்து வைக்காம எஸ்தர் என்னைக்காவது இருந்திருக்காளா? வீட்டுல போய்ப் பாரும்."

போய்ப் பார்த்தேன். படுக்கையறை மூலையில் ஒரு வாளி நிறையக் கலங்கல் தண்ணீர். மீன்தொட்டி மோட்டார் அதில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவர் சொற்படி சில நாள் தொட்டியில் வெறும் காற்றை ஊதி, பவுடரின் வீரியம் போனபின் பாதி வாளியை ஊற்றினேன். மீதி அங்கேயே இருந்தது. திரும்பவும் நுரை கட்டியது. இம்முறை அந்த வாடை எனக்கு மணமாகவே இருந்தது.

கடைசியாக மண் கழுவிய தண்ணீரின் பரிசோதனைத் தாளை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். வெளியே விடலாம் என்றிருந்தது. இரண்டு தரம் வாசித்தார்.

"இனி அந்த மோட்டார நிறுத்திரும் சார். எஸ்தர் நிம்மதியா உறங்கி எம்புட்டு நாளாச்சு."

அன்று எனக்கு மனம் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருக்கிணற்றை நினைத்தேன், பயம் வரவில்லை. அவர் வீட்டுக்குள் போய் மோட்டாரை நிறுத்தினேன். எஸ்தர் அம்மாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்கள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

வேலை முடிந்தது. நீங்களும் உறங்குங்கள், சார்.