பச்சைக் கொடி காட்டியவன்

பேய், முனி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். இதைக் கேட்டுவிட்டு, பாவம், பிள்ளைப் பயத்தில் மனுசி குழம்பிவிட்டாள் என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள். நான் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு. சண்டையால் ரயில் நின்று நாலு வருசம். தண்டவாளம், சிலிப்பர் கட்டை எல்லாம் பதுங்குகிற பங்கருக்குக் கூரையாகப் போய், மிஞ்சியது சல்லிக்கல் மேடு மட்டும். என் மகன் சேந்தன் இரண்டாம் வகுப்பு. பாடப்புத்தகத்தில் ரயில் படத்தைக் கண்டு, "உது பஸ்ஸோ?" என்று கேட்கிற பிள்ளைகள். அவர்களின் வகுப்பு மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. ரயில் ஓடிய பாதையையாவது காட்டுவோம் என்று ஒரு சனிக்கிழமை காலை மீசாலையிலிருந்து சாவகச்சேரிக்கு வகுப்பையே நடத்திக் கூட்டிப் போனார். ஹெலி வந்து சுட்டால் பிள்ளைகள் என்ன செய்யும் என்ற பயத்தில் தாய்மார் சிலர் நாங்களும் பின்னால் போனோம்.

பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ரயிலானார்கள். கடைசியில் நின்ற சேந்தன்தான் கொடி காட்டுகிற காட். என் பழைய பச்சைத் துணியொன்றைத் தடியில் கட்டிக் கொடுத்திருந்தேன்.

"கொடி காட்டாமல் ரயில் வெளிக்கிடாது, தெரியுமோடா?" என்றார் மாஸ்டர்.

"தெரியும் சேர். நான் காட்டினாத்தான் வரும்."

"வரும் இல்லையடா, போகும்!" எல்லோரும் சிரித்தோம்.

முன்பு ரயில் கேற் இருந்த சந்தியை மற்றப் பிள்ளைகள் கடந்துவிட்டார்கள். சேந்தன் மட்டும் மேட்டின் நடுவில் நின்று, கிழக்கே கொடிகாமம் பக்கம் திரும்பிக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தான். விளையாட்டுத்தானே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது காலுக்குக் கீழே சல்லிக்கல் கிலுகிலுத்தது. நம்பினால் நம்புங்கள், ரயிலடியில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அதிர்வு தெரியும். கிழக்கே பார்த்தேன், வெயிலும் பனையும்தான். ஆனால் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர், கேற் பூட்டிக் கிடப்பதுபோலக் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"சேந்தன், இஞ்சாலை வா!" கத்திக்கொண்டே ஓடி அவனை இழுத்து, இரண்டு பேருமாக ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தோம். தலைக்கு மேலால் ஒரு சூட்டுக்காற்று, விட்டு விட்டு, பெட்டி பெட்டியாகப் போனது. சத்தமே இல்லை. பாதையோரத்து எருக்கலை எல்லாம் மேற்கே சாய்ந்து கிடந்து, பிறகு நிமிர்ந்தன.

"ஆனையிறவிலை ஆமி ஷெல் அடிக்கிறாங்கள் ரீச்சர், அதுதான் நிலம் அதிர்ந்தது," என்றார் மாஸ்டர். அவர் முகம் வெளிறியிருந்தது. ஷெல்லாம்! நித்திரையில் கேட்டாலும் எங்கேயிருந்து குத்துகிறான் என்று சொல்லக்கூடியவர்கள் நாங்கள். எனக்கா ஷெல் தெரியாது?

சைக்கிள்காரரைக் கேட்டேன், "ஐயா, நீங்கள் ஏன் நிண்டனீங்கள்?"

"நானோ? நான் நிக்கேல்லைப் பிள்ளை," என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

"அம்மா, கண் எரியுது," என்று அழத் தொடங்கினான் சேந்தன். இடக்கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் ஊசி முனையால் ஒன்றை எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். கடுகிலும் சிறிய கறுப்புத் துண்டு.

"நெருப்புக் கரி அம்மா. கண்ணைச் சுட்டிருக்கு. மயிரிழை தள்ளிப் பட்டிருந்தாப் பார்வை போயிருக்கும். அடுப்படியிலை நிண்டவனோ?"

"ரயில் பாதையிலை நிண்டவன்."

அவர் சிரித்துவிட்டார். "கரி எஞ்சின் நான் பொடியனா இருக்கேக்கையே நிண்டுபோச்சு."

அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அன்று கூட வந்த தாய்மார் பிறகு அதைக் காற்று என்றார்கள். அந்தக் காற்றுக்கு நெருப்புக் கரி எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் எழும்பிப் போய்விடுகிறார்கள்.

சேந்தன் இப்போது கனடாவில். வெண்விழியில் தழும்பு அப்படியே இருக்கிறது. கண் பரிசோதிக்கிறவர்கள் எல்லோரும், வெல்டிங் வேலையா என்று கேட்கிறார்களாம். அதுகூட எனக்குப் பெரிதில்லை. போன வருசம் அவனிடம் போயிருந்தபோது ஒரு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்றோம். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும், அவ்வளவு வளர்ந்த பிள்ளை இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டான்.

"குளிருதோ அப்பன்?"

"இல்லை அம்மா. தெரியாமல் கையை ஆட்டிப்போடுவன் எண்ட பயம்."