கிணற்றைச் சுற்றி நூறு தடவை

அட்டையில் ஊறிய குங்குமம் போகாது. போன சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலையில்தான் எனக்கு அது தெரிந்தது. அந்தக் காலை என் எதிரிக்கும் வரவேண்டாம்.

நான் ஜப்பானிய விளையாட்டு அட்டைகள் சேர்ப்பவன். நாற்பதைத் தாண்டியவன், எங்கள் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இப்படிப்பட்ட ஆள் ஞாயிற்றுக்கிழமையானால் பேரங்காடியின் மேல்மாடியில் மடக்கு மேசை முன் உட்கார்ந்து, பள்ளி மாணவர்களோடும் பல் டாக்டர்களோடும் அட்டை மாற்றிக்கொண்டிருப்பதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வேலையில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கீறலைத் தேடுகிறேன். அட்டையிலும் அதே வேலைதான். நான்கு மூலையும் கூர்மையாக இருக்கிறதா, ஓரம் தேய்ந்து வெளுத்திருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். விரல் ரேகை பட்டால்கூடக் குறைதான்.

என்னிடம் உள்ளவற்றில் ஒன்றே ஒன்றைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அலைமேல் எழும் ஒரு நீலத் திமிங்கிலம், அதன் பின்னால் மின்னும் வெள்ளித் தாள், கீழே எனக்கு இன்றுவரை வாசிக்கத் தெரியாத ஜப்பானிய எழுத்து. முதல் அச்சில் வந்த அட்டை அது. பிறகு வந்தவற்றின் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும், இதில் இருக்காது. இல்லாத அந்த நட்சத்திரத்துக்காகத்தான் அத்தனை மதிப்பு. தரம் பார்த்து முத்திரை வாங்க ஜப்பானுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்து, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன்.

பூஜையன்று என் மனைவி பிள்ளைகளின் புத்தகங்கள், தன் தையல் இயந்திரம், என் மடிக்கணினி, என் பழைய கேம் பெட்டி எல்லாவற்றையும் சாமிப் படத்தின் முன் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். வீட்டில் யார் எதை வைத்துப் பிழைக்கிறோமோ, எதன்மேல் பிரியமாக இருக்கிறோமோ அதையெல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். அன்று முழுக்க எதையும் தொடுவதில்லை. மறுநாள் காலை என் சாமான்களை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், திமிங்கிலத்தின் நெற்றியில் பொட்டு இருந்தது. உறைமேல் இல்லை, அட்டையின் மேலேயே இருந்தது. சந்தனத்தின் ஈரத்தில் வெள்ளித் தாள் உப்பியிருந்தது. குங்குமம் கசிந்து அலைவரைக்கும் இறங்கியிருந்தது.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பது முழுதாக நினைவில்லை. வெட்கப்படத் தேவையான அளவுக்கு நினைவிருக்கிறது. அவள் நான் ஓயும்வரை நின்றாள்.

“உறைமேல வச்சா சாமிக்கு எப்படிங்க போய்ச் சேரும்? உங்களுக்கு இது உசுருன்னு தெரியும்லா. அதான் பார்த்துப் பார்த்து வெளிய எடுத்து வச்சேன்.”

போனது போனதுதான் என்று முனகினேன். எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்று கேட்டாள். காசு கொடுக்கவில்லை என்றேன். அப்படியென்றால் யாருடையது என்று கேட்டாள். தங்கச்சியுடையது என்றேன். அவளாகவே கொடுத்தாளா என்று அடுத்த கேள்வி வந்தது. பதினைந்து வருடக் குடித்தனத்தில் அவளுக்கு நான் சொல்லாத கதை அது, அன்றுதான் சொன்னேன்.

எனக்குப் பதிமூன்று வயது, தங்கைக்கு ஒன்பது. ஜெலுத்தோங்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் எங்கள் வீட்டில்தான் டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி இருந்தது. அந்தக் காலத்து விளையாட்டுகளுக்குள் ஒளிந்திருப்பது நிறைய. சும்மா நிற்கும் சுவரை வாளால் தட்டினால் உடைந்து ஓர் அறை தெரியும். பொத்தான்களைச் சரியான வரிசையில் அழுத்தினால் கூடுதல் உயிர் கிடைக்கும். இணையம் வீட்டுக்கு வராத காலமாதலால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால்தான் உண்டு. எங்கள் மாடியில் அப்படிக் கண்டுபிடிக்கிறவன் நான். சுவர் சுவராகத் தட்டிப் பார்க்கும் பொறுமை எனக்கு அப்போதே இருந்தது. கீழ்மாடிப் பையன்கள் மேலே ஏறி வந்து என்னிடம் ரகசியம் கேட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

தங்கையின் பள்ளித்தோழி ஒருத்தியின் அப்பா, அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஜப்பானுக்குத் திரும்பிய மேலாளரின் பிள்ளை விட்டுப்போன அட்டைகளில் ஒன்றைத் தோழி இவளுக்குக் கொடுத்திருந்தாள். அதுதான் திமிங்கிலம். பார்த்த நிமிடத்திலிருந்து எனக்கு அது வேண்டும். கெஞ்சினேன், தரவில்லை. மிரட்டினேன், அம்மாவிடம் சொல்லிவிட்டாள். கடைசியில் அவளுக்குப் பிடித்த விளையாட்டில் ஒரு ரகசியம் இருப்பதாகச் சொன்னேன். அதில் வரும் ஊர் நடுவில் ஒரு கிணறு இருக்கிறதே, அதை இடப்பக்கமாக நூறு தடவை சுற்றினால் அடியில் கதவு திறக்கும், உள்ளே ஒரு குட்டி டிராகன் இருக்கும், அது கூடவே வரும் என்றேன். எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கும் விளையாட்டு. எதைச் சொன்னாலும் பொய்யென்று யாராலும் நிரூபிக்க முடியாது. கடைசியில் ஒன்றையும் சேர்த்தேன். எண்ணிக்கை சரியாக நூறு இருக்கவேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் திறக்காது.

அவள் அட்டையைக் கொடுத்துவிட்டாள். பள்ளி விடுமுறை முழுக்கத் திரையில் அந்தக் கிணற்றைச் சுற்றினாள். நான் பந்து விளையாடப் போவேன், திரும்பி வரும்போதும் சுற்றிக்கொண்டிருப்பாள். விடுமுறை முடிந்ததும் நிறுத்திவிட்டாள். என்னிடம் வந்து ஒருநாளும் கேட்கவில்லை, அட்டையைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

எல்லாம் கேட்டு முடித்த என் மனைவி, இதற்கா என்னை இவ்வளவு பேசினீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, சாமிப் படத்து முன்னாலிருந்த காய்ந்த பூவைப் பொறுக்கினாள். பிறகு திரும்பாமலேயே சொன்னாள். “போய் தங்கச்சிகிட்ட சொல்லிருங்க.”

தங்கை இப்போது கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறாள். மாதத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறோம், பேசுகிறோம். ஒரு சண்டையும் இல்லை. அந்தச் சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாலத்தில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று பயந்தே ஃபெரியில் ஏறினேன். அக்கரையில் பட்டர்வொர்த் துறை நெருங்க நெருங்க ஒன்று மட்டும் உறுத்தியது. இந்த அட்டையின் விலை வருடத்துக்கு வருடம் ஏறியபோது இதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இனிமேல் யாரும் வாங்கமாட்டார்கள் என்று ஆன பிறகுதான் நீட்டப்போகிறேன். யோக்கியனாவதற்குக்கூட நேரம் பார்த்துத்தான் கிளம்பியிருக்கிறேன் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

தங்கை ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். அன்று காலை வேலை முடிந்து வந்து, கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் கையில் கொடுத்தேன். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணி வேலையா என்று கேட்டு இன்னும் சிரித்தாள். அவள் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திராமல் சொல்லிவிட்டேன். அந்தக் கிணற்றுக்கடியில் கதவே கிடையாது, டிராகனும் கிடையாது, அட்டைக்காக நான் கட்டிய கதை அது, என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் மடித்த சட்டையை மறுபடியும் பிரித்து மடித்தாள். கோபப்படுவாள், அல்லது எனக்கு எப்போதோ தெரியும் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டாவதைத்தான் மிகவும் எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“பத்து சுத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் கையில மாட்டிக்குவேன்,” என்றாள். “அப்பயும் திறக்கல. எங்கயோ ஒன்னு விட்டுட்டேன்னு நெனச்சு, மறுபடியும் முதல்லேர்ந்து போவேன். உங்ககிட்ட வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்கு எண்ணத் தெரியலன்னு நீங்க சிரிப்பீங்க.”

நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அந்தப் பள்ளியாண்டிலிருந்து கணக்குப் பாடத்தில் விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டாளாம். இப்போதும் கிளினிக்கில் மாத்திரையை மூன்று தடவை எண்ணினால்தான் உறையில் போட மனசு வருமாம். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்களாம். தன் சுபாவமே அப்படி, பிறந்ததிலிருந்தே எண்ணிக்கையில் கவனம் போதாது என்றுதான் நினைத்திருந்தாளாம்.

தலையை நிமிர்த்தி அவளைப் பார்க்க முடியவில்லை. நுண்ணோக்கியில் இருபது வருடம் குறை தேடியவனுக்கு, தன் தங்கையிடம் தானே போட்ட கீறல் தெரியவில்லை.

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயதுக்காரி, கல்யாணம் ஆகி ஒரு குடும்பத்தை நடத்துகிறவள், ஒன்பது வயதில் கேட்டிருக்கவேண்டியதை அப்போதுதான் கேட்டாள்.

“அப்ப நான் சரியாத்தான் எண்ணினேனாண்ணே?”

“சரியாத்தாம்மா எண்ணின.”

“எல்லாத் தடவையும்?”

“எல்லாத் தடவையும்,” என்றேன்.