கழுகுமலையில் சொன்னது

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். கழுகுமலைக் கடை ஒன்றில் சங்கு மூட்டையைச் சேர்த்துவிட்டு வரும்படி எங்கள் வியாபாரி சொன்னார். நானும் என் மனைவியின் தம்பியும் போனோம். கடலில் முங்கிச் சங்கு எடுப்பவன் நான். தோணியில் நின்று என் கயிற்றைப் பிடித்து, நான் அசைத்ததும் மேலே தூக்குபவன் அவன். மனைவியின் உடன்பிறந்தானைத்தான் கயிற்றுக்கு வைப்பது எங்கள் வழக்கம். கை தவறினால் தாலி அறுப்பது அவன் அக்காள் அல்லவா.

அந்த வருஷம் முங்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதை அவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நான் முங்காவிட்டால் அவனுக்கும் பிழைப்பு இல்லை.

மூட்டையை இறக்கிவிட்டு மலை ஏறினோம். பாறை முழுக்க வரிசை வரிசையாகச் சமண உருவங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. கீழே ஊர் நீல வெயிலில் மிதந்தது. தெருவில் போன வண்டியின் சத்தம் நெடுநேரம் கழித்து மேலே வந்தது. தலைக்கு மேல் பருந்துகள் தோணிகளைப்போல மெல்ல வட்டமிட்டன. நான் கடலடியில் இருப்பதாகவே தோன்றியது. கண் சொருகியது. அந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிடலாம்போல் இருந்தது.

அந்தச் சுகம்தான் என்னைப் பயமுறுத்தியது. பழைய பயம்.

"மாப்ளே, இனி நான் முங்கல," என்றேன். "கீழ போனா தூக்கமா வருது. மேல வரணும்னே தோணல."

அவன் பாறையைப் பார்த்தபடியே சொன்னான்: "தெரியும் மச்சான். போன வருஷம் பாதி நாள் நீரு கயித்த அசைக்கவே இல்ல. நானா மனசுல ஒண்ணு ரெண்டு எண்ணித்தான் தூக்குனேன்."

அக்காளிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லியிருந்தால் உம்மை வாசற்படி தாண்ட விட்டிருப்பாளா என்றான்.

பிறகு, தானே இந்த வருஷம் முங்குவதாகவும் நான் கயிறு பிடிக்கவேண்டும் என்றும் சொன்னான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வழக்கப்படி பிடிக்க மச்சினன் கிடையாது.

"நீரு கை விட்டாலும் தாலி அறுக்க ஆளு இல்ல. பெறகு என்னத்த நம்பி முங்க?" என்று சிரித்தான். ஆனால் கண் என்மேல்தான் இருந்தது.

எனக்குப் பேச்சு எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

"கை விட்டுட்டு வீட்டுக்குப் போனா ஒங்கக்கா என்னைக் கொன்னே போடுவா," என்றேன்.

அவன் யோசித்தான்.

"அது போதும்," என்றான்.