நானூத்திப் பன்னிரண்டாவது வரி

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. போன மாசம், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகல்ல நடந்தது இது.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில எனக்கு வேலை. மெக்கானிக் ஒவ்வொரு லிஃப்டையும் சோதிச்சு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் அனுப்புவார். கயிறு, பிரேக், முடிவு... ஒவ்வொண்ணுக்கும் ஒரு டேக், அதாவது பேரு போட்ட தனிக் கட்டம். எல்லாத்தையும் படிச்சு, ஃபைலுக்கு ஒரு வரின்னு ஒரே அட்டவணையாக்க பைத்தான்ல நான் ஒரு ஸ்கிரிப்ட், சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம், எழுதியிருந்தேன். அட்டவணை வந்துட்டா ஃபைலை யாரும் திறந்தே பார்க்க மாட்டோம். அதுதான் நாங்க செஞ்ச தப்பு.

பொண்டாட்டி பிரசவத்துக்கு நான் லீவு போட்டப்போ, ஸ்கிரிப்டைப் பார்த்துக்கிட்டவன் பக்கத்து சீட்டு நண்பன். எட்டு வருஷம், கூடப்பிறந்தவன் மாதிரி. இப்போ தொப்பை குறையணும்னு லிஃப்ட்லயே ஏற மாட்டான். ‘படிக்கட்டு’ன்னு பேரு வெச்சே ஓட்டினோம்.

அன்னைக்கு ஆபீஸ்ல நான் மட்டும். மணி 2.51. ஸ்கிரிப்டை ஓட்டினேன்.

ஃபைல் 411. அட்டவணையில வரி 412.

மறுபடி எண்ணினேன். ஃபைல் 411தான். மறுபடி ஓட்டினேன்... 412.

கடைசி வரி, எங்க ஆபீஸ் லிஃப்ட். 58-வது வரியிலயே அது ‘பாஸ்’னு இருக்கு. இங்கே ரெண்டாவது தடவை. முடிவு: ஃபெயில். குறிப்பு: கயிறு நைஞ்சிருக்கு, ஏறாதே. சோதிச்சது எங்க மெக்கானிக் ‘ஆயில்’ அண்ணன். தேதி இன்னைக்கு. நேரம் 3.12.

அப்போ மணி 2.58தான்.

நண்பனுக்குப் போன் போட்டேன்.

“மாப்ளே, நம்ம லிஃப்ட் ஃபெயில்னு காட்டுதுடா.”



“அப்படிக் காட்ட வாய்ப்பே இல்லையே...” கட் பண்ணிட்டான்.

ஸ்கிரிப்ட்லதான் ஏதோ கோளாறு, டீ குடிச்சாத்தான் தெளியும்னு எழுந்து லிஃப்ட் பக்கம் போனேன். மணி 3.11. பட்டனை நான் தொடவே இல்ல.

டிங்.

கதவு திறந்தது. உள்ளே யாருமில்ல. கிரீஸ் வாசனை மட்டும்... ஆயில் அண்ணன் சட்டையில அடிக்குமே, அதே வாசனை.

ஒரு காலை உள்ளே வெச்சேன்.

தோள்ல ஒரு கை. வெடுக்குன்னு பின்னால இழுத்தது.

திரும்பினேன். யாருமில்ல.

கதவு மூடுச்சு.

டொக்...

தடார்! கயிறு அறுந்து லிஃப்ட் கீழே போய் விழுந்துச்சு.

மணி 3.12.

திங்கட்கிழமை அந்த 58-வது ஃபைலைத் திறந்தேன். உள்ளே ‘ஃபெயில்’னுதான் இருந்தது. ஸ்கிரிப்ட்ல நான் எழுதாத ஒரு வரி... ஃபெயில்னு வந்தா பாஸ்னு மாத்து. மாத்தினவர் பேருன்னு என் பேரு! தேதி, என் மக பிறந்த நாள். ஒரு ஃபெயில்கூட இல்லாத அறிக்கைக்குப் பதவி உயர்வு அந்த நண்பனுக்கு. மாட்டினா பழி எனக்கு. பாவி, வயிறெரியுது.

ஸ்கிரிப்ட்ல அவன் சேர்த்த அந்த வரி, 412-வது வரியில இருந்த ஃபெயிலையும் மாத்தியிருக்கணும். ஏன் மாத்தல? இன்னைக்கு வரைக்கும் தெரியல. இப்போ ஓட்டினா 411தான் வருது.

ஆயில் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் சம்சாரம் எடுத்தாங்க.

“அவர் போயி இருபத்திரண்டு நாளாச்சு தம்பி. பைக் விபத்து. உங்க நண்பர் துக்கத்துக்கு வந்தாரே... சொல்லலையா?”

சொல்லல. லீவு முடிஞ்சு நான் வந்த ஒவ்வொரு காலையும், கீழே நின்னு எனக்காக பட்டனை அழுத்தினவன் அவன்தான்.

“நீ லிஃப்ட்ல போ மாப்ளே... நான் படியில வர்றேன்.”