மலைக்கும் போளூருக்கும் நடுவே ஒரு கேமரா

கம்ப்யூட்டர் தலையில் கேமராவை மாட்டி நாலு பேரைப் பேசவைக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், "கேக்குதா? கேக்குதுங்களா?" என்று கத்தியே நம் பாதி ஆயுசு போகிறது. சாமை விற்கும் விவசாயிகள் குழு ஒன்றுக்காக ஜவ்வாது மலையில் ஒரு கம்ப்யூட்டர், போளூர் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டையும் பேசவைப்பது என் பிழைப்பு.

ஒரே நாற்காலி

முதல் கூட்டத்துக்கு மலையில் அறை நிறையப் பெண்கள். பழைய கேமராவில் ஒரு முகம்தான் உருப்படியாகத் தெரியும். நான் முழித்துக்கொண்டிருக்க, குழுத் தலைவி குப்பம்மா ஒரு நாற்காலியைக் கேமரா முன்னால் இழுத்துப் போட்டார். பேசுகிறவர் அதில் உட்காரவேண்டும். அவர் எழுந்திருக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது.

போளூரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, ஒன்றும் விளங்கவில்லை. அங்கே கூட்டம் நடத்தும் ஸ்டெல்லா அக்கா திரையையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தன் ஆட்களிடம் திரும்பினார். "மேல பாருங்க, எவ்ளோ அழகா பேசறாங்க. நமக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க, மீதி பேரு சும்மா இருங்க."

பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் போளூரிலிருந்து போன். திரையில் ஒரே மஞ்சள் மூட்டம், ஆளே தெரியவில்லையாம். பதறிப்போய் மலைக்குப் பஸ் ஏறினேன். பார்த்தால், கேமராக் கண்ணாடிமேல் கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம். "இன்னாங்க இது?" என்றேன். குப்பம்மா அசரவில்லை. "எங்க எல்லார் மூஞ்சியயும் அதான காட்டுது? அதுக்கு மட்டும் பொட்டு வெக்காம வுட முடியுமா தம்பி?"

மல்லிகாவின் பதில்

சாமைக்கு உமி நீக்கும் மெஷின் வரவிருந்தது. மலையில் வைப்பதா, போளூரில் வைப்பதா என்று அன்றைய கூட்டத்திலேயே முடிவாகவேண்டும். "மேல இடம் இருக்குதா? த்ரீ பேஸ் கரண்ட் இருக்குதா?" என்று ஸ்டெல்லா அக்கா கேட்ட நேரத்தில் மலையில் எங்கள் மைக் செத்தது. போளூர் பேசுவது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் பேசியது அங்கே போகவில்லை. வெளியே மழை, செல்போனில் சிக்னல் இல்லை. நான் பதிலைக் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் போளூரில் ஒருவர், "பதில் இல்லன்னா இங்கயே வெச்சிடலாங்க" என்றார்.

குப்பம்மாவின் தங்கை மல்லிகாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். குப்பம்மா கைஜாடையில் விஷயத்தைச் சொன்னதும், மல்லிகா என்னை நகர்த்திவிட்டுக் கேமரா முன்னால் உட்கார்ந்து சைகையில் பேச ஆரம்பித்தார். படம் திணறித் திணறித்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். அது போய்ச்சேரும்வரை ஒவ்வொரு சைகையிலும் கையை அப்படியே நிறுத்தினார். ஸ்டெல்லா அக்காவின் தம்பியும் காது கேளாதவர். அக்காவுக்குச் சைகை வீட்டு மொழி. மல்லிகா காட்டக் காட்ட, அக்கா அங்கே சத்தமாகச் சொல்வது எங்கள் ஸ்பீக்கரில் கேட்டது. இடம் இருக்கிறது. மாவு மில் பக்கத்தில் கரண்ட் இருக்கிறது. முறைபோட்டு ஓட்ட நாங்கள் இருக்கிறோம். மூட்டையோடு மலை இறங்கி ஏற எங்களால் முடியாது.

குப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெஷின் மலைக்குத்தான் என்று முடிவானது. போளூரிலேயே வைக்கலாம் என்றவர்தான் கடைசியில் பேசினார். "இத்தினி நாளா மேலேர்ந்து பேசறது பாதி பாதியாத்தாங்க வரும். இன்னிக்குத்தான் ஒரு வார்த்த கூட வுடாம முழுசா வந்துச்சு."

நாம் மைக்கைச் சரிசெய்து நிமிர்வதற்குள் கூட்டமே நல்லபடியாக முடிந்துவிடுவதுதான், தோழர்களே, நம் தொழில்.