தொடை மடிப்பில் ஒரு பொருக்கு

தம்பி வன்னியிலிருந்து கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்த என் வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் காய்ச்சலில் படுத்தான். அவனை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமென்று நான்தான் பிடிவாதமாகக் கூப்பிட்டிருந்தேன். வரும் வழியில் ஆமியின் செல்லடிக்குப் பயந்து இரண்டு நாள் பற்றைக் காட்டுக்குள் கிடந்திருக்கிறான்.

உடுப்பு மாற்றும்போது அதைக் காட்டினான். இடது தொடை மடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு. நோவில்லை என்றான். அந்த நாட்களில் பொலிஸ் எங்கள் பெடியன்களின் சேட்டைக் கழற்றித் தழும்பு தேடும். சைக்கிளால் விழுந்த காயத்துக்கே இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஒருத்தருக்கும் காட்டாதை. டொக்டர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லு" என்று நானே பிளாஸ்டர் ஒட்டினேன்.

"நீ பொலிசை விட மோசம் அக்கா" என்று சிரித்தான்.

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டொக்டர் தமிழர், பக்கத்தில் நின்ற தாதி சிங்களத்தி. "உடம்பில புண், பூச்சிக்கடி ஏதும் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் தாதியைப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லை டொக்டர்" என்றேன்.

வன்னியிலிருந்து வந்தவன் என்பதையும் மறைத்தேன். கொட்டாஞ்சேனையிலேயே வளர்ந்த பிள்ளை என்றேன். பொய் சொல்வதில் அப்போது எனக்கு நல்ல கெட்டித்தனம்.

முதல் மருந்துக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஊசிக்கு மாற்றினார்கள். அதற்கும் இறங்கவில்லை. "கிருமி மருந்துக்குப் பழகிப்போச்சு. சனம் கண்டபடி கடையில வாங்கி விழுங்கினா இப்பிடித்தான். இன்னும் பலமானதாப் போடுவம்" என்றார் டொக்டர். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானும் அதையே பெரிய படிப்புப் படித்தவள்போல விளக்கினேன்.

ஆறாம் நாள் அவனுக்கு மூச்சு வாங்கியது, பேச்சுக் குழறியது. உடம்பு துடைக்க வந்த தாதி பிளாஸ்டரை உரித்துப் பார்த்துவிட்டு ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது உண்ணிக் காய்ச்சல். பற்றையில இருக்கிற, கண்ணுக்கே தெரியாத உண்ணி கடிச்சு வாறது. மருந்துக்குப் பழகிப்போகவும் இல்லை, ஒண்டுமில்லை. நான் போட்டதுகள் இந்தக் கிருமியைத் தொடவே தொடாது. முதல் நாளே காட்டியிருந்தா ஒரு சாதாரண குளிசை விழுங்கினாலே காணும்."

அந்தக் குளிசையை அன்று பின்னேரமே கரைத்துக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவன் செத்துப்போனான். ஏன் தங்கச்சி, நீ சொல்லவில்லை என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டு அந்தத் தாதி அழுதாள். உனக்குப் பயந்துதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வன்னியை விட்டு வெளியேற பாஸ் கிடைத்து அம்மா கொழும்புக்கு வர மூன்று மாதமாயிற்று. வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எந்த மருந்துக்கும் கேக்காத காய்ச்சலாமே பிள்ளை?"

"ஓம் அம்மா" என்றேன்.

"தனிய நிண்டு என்ன பாடுபட்டிருப்பாய்" என்று அவள் என் தலையைத் தடவினாள்.